திருப்பிக் கொடுக்கிற கூடை

வாங்கின பொருளைத் திருப்பிக் கொடுப்பதற்கென்றே அந்த அம்மா தனியாக ஒரு ஒயர் கூடை வைத்திருந்தார். பச்சையும் வெள்ளையும் கலந்து பின்னிய கூடை. காய்கறிக்கு வேறு பை, கோயிலுக்கு வேறு பை. பச்சைக் கூடையோடு அவர் திருச்செங்கோட்டுக் கடைவீதியில் நடந்து வந்தால் அன்றைக்கு யாரோ ஒரு கடைக்காரருக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். பாத்திரக்கடைக்காரர் தூரத்திலேயே பார்த்துவிட்டு, சாப்பிடப் போகிறவரைப்போல எழுந்து உள்ளே போய்விடுவார். எனக்கு அந்த வசதி இல்லை. என் கடையில் உள்ளே என்று ஒன்று கிடையாது. ஒரு தையல் மிஷின், வெட்டுகிற மேசை, போட்டுப் பார்க்கிறவர்களுக்காக மூலையில் ஒரு திரை. அவ்வளவுதான் கடை.

நான் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறவன். ஐந்தாவதோடு படிப்பை விட்டு மிஷினில் உட்கார்ந்தவன். இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்குப் பெண்களிடம் பேசக் கூச்சம் இருக்கக் கூடாது என்பார்கள். எனக்கு இன்றுவரை இருக்கிறது. தலையை நிமிர்த்திப் பேச மாட்டேன். யார்மேலும் டேப் வைத்து அளவு எடுத்ததும் இல்லை. எங்கள் பக்கம் அதற்கு அவசியமும் வருவதில்லை. உடம்புக்குச் சரியாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றை 'அளவு ஜாக்கெட்' என்று கொடுத்துவிடுவார்கள். அதை மேசைமேல் விரித்து, அதைப் பார்த்துப் புதிய துணியை வெட்டித் தைத்தால் வேலை முடிந்தது. உடம்பு மாறும், அளவு ஜாக்கெட் மாறாது. கல்யாணத்துக்குத் தைத்ததைப் பேரன் பிறந்த பிறகும் அளவுக்குக் கொண்டுவருகிறவர்கள் உண்டு.

அந்த அம்மாவை ஊரில் ரிக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்காரர் தண்ணீருக்குப் போர் போடுகிற ரிக் வண்டி வைத்திருந்தார். வருஷத்தில் பாதி நாள் ஆந்திராவிலோ அதற்கும் அந்தப் பக்கமோ குழி போட்டுக்கொண்டிருப்பார். அவர் அவ்வளவு தூரம் போனது தொழிலுக்காக மட்டும் இல்லை என்று எதிர்க்கடை டீ மாஸ்டர் சொல்வார்.

மிக்ஸி வாங்கினால் சத்தம் அதிகம் என்று அந்த அம்மா திருப்பிக் கொடுப்பார். வேறு மாற்றிக் கொடுத்தால், சத்தமே வரவில்லை, உள்ளே ஓடுகிறதா இல்லையா என்று அதையும் திருப்பிக் கொடுப்பார். ஒருமுறை சொந்தக்காரர் ஒருவர் நேரில் கொண்டுவந்து வைத்த கல்யாணப் பத்திரிகையையே கூடையில் போட்டு எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்தார். தாய்மாமன் பெயரைக் கீழே தள்ளி அச்சடித்திருந்தார்களாம். வேறு அடித்துக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் கல்யாணத்துக்குப் போனார். போன இடத்தில் ரசத்தைத் திருப்பி அனுப்பினார்.

எந்தக் கடைக்காரராவது "நல்லா இருக்குதுங்கக்கா" என்று சொல்லிவிட்டால் போதும்.

"நல்லா இருக்குதுன்னு விக்கறவன் சொல்லக் கூடாது. வாங்கறவ சொல்லோணும்" என்பார். ஆனால் வாங்குகிற அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அவர்கள் தோட்டத்தில் போர் போட்ட கதையை ஊரே சொல்லும். நீரோட்டம் பார்க்கிறவர் மிஷினோடு வந்து கம்பிகளை நட்டு, தோட்டம் முழுக்கப் பார்த்துவிட்டு, கிழக்கு மூலையில் தண்ணீர் கிடையாது என்று சொல்லியிருக்கிறார். அந்த மூலையில் மட்டும் வெயில் காலத்திலும் அருகம்புல் காய்வதில்லை என்பது அந்த அம்மாவின் கட்சி. "உன்ற மிஷினுக்குப் புல்லு தெரியுமா?" என்று கேட்டு, புருஷனுடைய ரிக்கையே அங்கே கொண்டுபோய் நிறுத்த வைத்தார். தண்ணீர் வந்தது. ரிக்கில் நின்ற ஆட்களெல்லாம் நனைந்து போனார்கள். அந்த அம்மா ஒரு கை அள்ளி வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு, "உப்புக் கரிக்குது" என்றாராம். வீட்டுக்காரர் மறுநாளே ஆந்திராவுக்கு வண்டி ஏறிவிட்டார்.

அப்படிப்பட்டவர் என் கடைக்கு வரும்போது என்ன குறை சொல்வார் என்று எனக்கு ஓரளவு மனப்பாடம். கை இறுக்கம், கழுத்து இறக்கம், உள்துணி நிறம் சேரவில்லை. ஒவ்வொன்றாக வரும், சரிசெய்து கொடுப்பேன், அடுத்தது வரும். சில வருஷங்களுக்கு முன்பு அது மாறியது. ஒரே குறையையே திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தார்.

"ஏம்ப்பா, இடது பக்கம் இழுக்குது."

மார்பின் வடிவத்துக்காகத் துணியைக் கிள்ளித் தைக்கிற மடிப்பை நாங்கள் டார்ட் என்போம். இடது பக்கத்து டார்ட் அவருக்குப் படியாமல் சுருங்கி நின்றது. நான் பிரித்துத் தைத்தேன். மறுபடியும் கூடை வந்தது. அளவு ஜாக்கெட்டை விரித்து, புதியதை அதன்மேல் வைத்துக் காட்டினேன். ஓரம்கூட விலகவில்லை.

"அளவுக்குச் சரியாத்தானுங்கம்மா இருக்குது."

"அளவு ஜாக்கெட்டுக்குச் சரியா இருக்குது. எனக்குச் சரியா இல்ல. ஜாக்கெட்டுக்கா ஜாக்கெட் தெக்கற?"

வேறு துணியில் தைத்துப் பார்த்தேன். மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். கத்தரியைச் சாணை பிடித்து வந்தேன். இழுத்துக்கொண்டுதான் இருந்தது. அந்த அம்மா எப்போதும் கூடையை இடது தோளில் மாட்டுகிறவர். ஊருக்கெல்லாம் திருப்பிக் கொடுத்துக் கொடுத்து அந்தத் தோள் இறங்கிவிட்டது என்று நான் எனக்குள் முடிவு செய்துகொண்டேன். இதைப் படிக்கிறவர்கள் நான் ஏதோ புரிந்துகொண்டவன் என்று நினைத்துவிடக் கூடாது. நான் நினைத்தது அவ்வளவுதான்.

வீட்டிலும் சொல்லியிருக்கிறார். "உனக்கு என்னைக்கு எது சரியா இருந்துச்சு?" என்று வீட்டுக்காரர் போனிலேயே கேட்டாராம். மருமகள் கடைக்கு வரும்போது, "அத்தை உங்கள ஒருவழி பண்ணாம உடமாட்டாங்கண்ணா, வேற ஊருக்குக் கடைய மாத்திக்கங்க" என்று சிரித்தாள். எல்லாவற்றிலும் குறை சொல்கிறவர் சொல்கிற குறை என்பதால் அது யார் காதிலும் ஏறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மகளிர் குழுக்காரர்கள் கல்யாண மண்டபத்தில் மார்பகப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். வாசலில் படம் எடுக்கிற பஸ் வந்து நின்றது. அந்த அம்மாவும் போனார். கையால் அழுத்திப் பார்த்தார்கள். பஸ்ஸில் ஏற்றிப் படம் எடுத்தார்கள். பிறகு ஒரு நாள் பச்சைக் கூடையோடு நேராக என் கடைக்கு வந்தார். கூடையிலிருந்து ஒரு பெரிய உறையை எடுத்து மேசைமேல் போட்டார்.

"சப்பாத்தி தட்டறாப்பல தட்டி நசுக்கிப் படம் புடிச்சாங்க. எங்கிட்ட ஒண்ணுமே இல்லையாம், எல்லாம் நல்லா இருக்குதாம். இப்பச் சொல்லு. குத்தம் யார்கிட்ட?"

நான் கத்தரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்கிட்டத்தான்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் திரும்ப வாருங்கள் என்றும் முகாமில் சொல்லித்தான் அனுப்பினார்களாம். வித்தியாசம் ஜாக்கெட்டில் அல்லவா தெரிகிறது, அதற்கு எதற்கு டாக்டர் என்று இருந்துவிட்டார். நல்லா இருக்குது என்று ஒருவர் சொன்னதைத் திருப்பிக் கொடுக்காமல் அந்த அம்மா வீட்டில் வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. என்னைக் குற்றவாளி ஆக்க அது உதவியது என்பதுதான் காரணம்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அடுத்த ஜாக்கெட்டுக்கு அளவு ஜாக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டேன். அவர் சொன்ன குறைகளை மட்டும் மனதில் வைத்து, இடது பக்கத்தைச் சின்னதாக வெட்டினேன். டார்ட்டை மேலே ஏற்றிப் பிடித்தேன். மேசைமேல் வைத்துப் பார்த்தால் புதிதாகத் தொழில் பழகுகிறவன் வெட்டியதுபோல இருந்தது. கேட்டால் என்ன சொல்வது என்று பயந்துகொண்டே கொடுத்து அனுப்பினேன்.

கூடை வரவில்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது. டீ மாஸ்டருக்கே பொறுக்கவில்லை.

"என்னப்பா, ரிக்காரம்மா உங்கிட்டச் சண்டைக்கே வரக் காணோம். பேச்சுவார்த்தை இல்லையா?"

கடைசியில் ஒரு மத்தியானம் வந்தார். கூடையில் அந்த ஜாக்கெட் இருந்தது.

"என்ன பண்ணுன இதுல?"

"ஒண்ணும் பண்ணலீங்கம்மா."

"ஒண்ணும் பண்ணாமயா சரியா இருக்குது?"

எதிர்க்கடையிலிருந்து டீ மாஸ்டர் குரல் கொடுத்தார். "ஏனுங்கக்கா, சரியா இருந்தாலும் சண்டையாங்க?"

"நீ சும்மாரு. உன்ற டீத்தூளப் பத்திப் பேச அப்பறம் வாரேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "சொல்லப்பா. இத்தன நாளா வராதது இப்ப எப்பிடி வந்துச்சு?"

ஒரு பெண்பிள்ளையிடம் இதை எந்தச் சொல்லால் சொல்வது? ஜாக்கெட்டை வாங்கி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, முதுகு நடுவில் இரண்டாக மடித்தேன். இடது பக்கம் வலது பக்கத்தின்மேல் வந்து படுத்தது. மேசைமேல் வைத்துவிட்டு விலகி நின்றேன்.

அந்த அம்மா குனிந்து பார்த்தார். இடது பக்கத்தைத் தாண்டி வலது பக்கத்துத் துணி வெளியே தெரிந்தது. அந்த ஓரத்தில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனார்.

"ரெண்டும் ஒண்ணா இல்லையே."

"இல்லீங்கம்மா."

"தப்பா வெட்டிப்போட்டயா?"

"இல்லீங்கம்மா. அப்பிடித்தான் வெட்டுனேன்."

"தப்பா வெட்டுனதா எனக்குச் சரியா இருக்குது?"

அவர் மேசையிலிருந்த பழைய அளவு ஜாக்கெட்டை எடுத்து, நான் மடித்ததைப் போலவே மடித்து வைத்தார். இரண்டு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே பொருந்தின. அவர் மகன் கல்யாணத்துக்குத் தைத்தது அது.

பிறகு இரண்டு ஜாக்கெட்டையும் கூடையில் வைத்தார்.

"என்ற தோட்டத்து மூலையிலகூட ஒண்ணும் இல்லைன்னுதான் மிஷின் சொல்லுச்சு" என்றார். என்னிடம் சொன்னதுபோல இல்லை.

மறுநாள் வீட்டுக்காரரை ஊருக்கு வரவழைத்து, ஈரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார். காரில் பச்சைக் கூடையைப் பார்த்ததும் வீட்டுக்காரர் பயந்துபோய், "ஆஸ்பத்திரிக்கு எதுக்கு அந்தக் கூடை?" என்று கேட்டாராம்.

"ரிப்போர்ட்டத் திருப்பிக் குடுக்கறதுக்கு."

அங்கே ஒரு டாக்டரம்மா. மேசைமேல் படத்தையும் இரண்டு ஜாக்கெட்டையும் வைத்து, "நல்லா இருக்குதுன்னு எழுதியிருக்குது. எனக்கு ஒத்துக்கலை" என்றிருக்கிறார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நோய் இருக்கிறது என்று சொன்னால் நம்பாமல் வருகிறவர்கள் நிறையப் பேர், இல்லை என்று சொன்னதை நம்பாமல் வந்தவர் நீங்கள்தான் என்று சொல்லிவிட்டு, கையைத் தூக்கச் சொல்லி, குனியச் சொல்லி, நேரம் எடுத்துப் பார்த்திருக்கிறார். கையில் கட்டி ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனாலும் இடது பக்கம் ஏறிச் சுருங்கியிருப்பதை அவரும் பார்த்துவிட்டார். ஸ்கேன் எடுத்தார்கள். அதில் சந்தேகமாக ஏதோ தெரிந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான்.

ஆபரேஷனுக்கு முன்பு கடைக்கு வந்து அந்த அம்மா இதையெல்லாம் என்னிடம் சொன்னார். சொன்னார் என்பதைவிடக் குறை சொன்னார் என்பதுதான் சரி.

"குப்புறப் படுக்க வெச்சு ஒரு குழாய்க்குள்ள தள்ளுறாங்க. உள்ளாற ரிக்கு ஓடறாப்பலச் சத்தம். நம்மூட்டு வண்டியே தேவலை. எல்லாம் முடிச்சுட்டு அந்த டாக்டரம்மா, மொதல்ல எடுத்த படத்து மேலயும் தப்பில்லைங்கறா. சில பேருக்குச் சதை இறுக்கமா இருக்குமாம். படத்துல வெள்ளையாத் தெரியுமாம். இந்த நோவும் வெள்ளையாத்தான் தெரியுமாம். வெள்ளத் துணியில வெள்ள நூல்ல தெச்சா உனக்குத் தையல் தெரியுமா?"

"கிட்ட வெச்சுப் பாத்தாலும் கஷ்டமுங்கம்மா."

"அதுவும் கட்டியாத் திரண்டிருந்தாக் கையில தட்டியிருக்கும். இது கட்டியே ஆகாம நூல் ஓடறாப்பல ஓடற ஜாதியாம். எனக்குன்னு வந்து வாய்ச்சுது பாரு. நோவுகூட ஒழுங்கான நோவா இல்ல."

"இப்ப எப்பிடிங்கம்மா இருக்குது? டாக்டரு என்னங்க சொன்னாங்க?"

"இடது பக்கத்த எடுத்துரோணுமாம். வேற எடத்துக்கு இன்னும் போகலையாம். இன்னுங் கொஞ்ச நாள் உன்னையத் திட்டிக்கிட்டே இருந்திருந்தா போயிருக்குமாம்." கொஞ்சம் நிறுத்தினார். "பொறந்ததுலருந்து நல்லா இருக்குதுன்னு ஒருத்தர் சொன்னத ஒரே ஒருவாட்டி நம்புனேன். அதுலயே ஏமாந்தேன் பாரு."

ஆபரேஷன் ஆனது. அதற்கப்புறம் மருந்து ஏற்றினார்கள். கடைவீதியில் பச்சைக் கூடை இல்லை. கடைக்காரர்கள் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பாத்திரக்கடைக்காரர் மட்டும் ஒருநாள் என்னிடம் வந்து, "அக்கா எப்பிடி இருக்காங்க? ஒரு குக்கர் வந்திருக்குது, கைப்பிடி அத்தன சரியில்ல, அவங்க வந்து பாத்தாத் தேவலை" என்றார்.

இதற்குள் மருமகள் விஷயத்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அதனால் எனக்கு ஒரு கஷ்டம் வந்தது. முகம் தெரியாத பெண்களெல்லாம் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து, மடித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று நிற்க ஆரம்பித்தார்கள். காதுவரை சூடு ஏறி, நான் கீழே கிடக்கிற துண்டுத் துணிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு பெண் தானே மேசைமேல் மடித்து வைத்துவிட்டு, "ரெண்டும் சரியா இருக்குதல்லங்கண்ணா? அப்ப எனக்கு ஒண்ணும் இல்லைதான?" என்று சந்தோஷமாகக் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றவர் ரிக்காரம்மாதான். தலையில் துணி கட்டியிருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. குரல் அப்படியே இருந்தது.

"ஏம்புள்ள, மண்டபத்துல பெரிய மிஷின் சொன்னதே தப்பாப்போச்சு. இவன் மேசையில மடிச்சுப் பாத்து நல்லா இருக்குதுன்னு வந்துருமா? இவனுக்குக் கழுத்தே ஒழுங்கா வெட்ட வராது. உடம்புல ஏதாச்சும் மாறியிருந்தா டாக்டரப் போய்ப் பாரு. அவங்க இல்லைன்னு சொன்ன பொறகும் மாறிக்கிட்டே இருந்தா திரும்பப் போ. திருப்பிக் கேக்கறதுக்கு என்ன வெக்கம்?"

அந்தப் பெண் ஜாக்கெட்டைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். ரிக்காரம்மா உள்ளே வந்து மேசைமேல் ஒரு புதிய துணியை வைத்தார். நான் வழக்கம்போல அளவு ஜாக்கெட்டுக்காகக் கையை நீட்டினேன்.

"அது இனி ஆகாது. டேப்ப எடு."

நான் அசையவில்லை.

"எடுப்பா. இடது பக்கம் ஆஸ்பத்திரியில குடுத்த பஞ்சுப் பை இருக்குது. அது நிக்கறதுக்கு உள்ளாற ஒரு பை வெச்சுத் தெக்கோணும். அளந்தாத்தான் தெரியும்."

டேப்பை எடுத்தேன். என் தலை எப்போதும்போலக் கீழேதான் இருந்தது.

"என்னத்துக்குக் குனியற? மலை மேல இருக்கற சாமிக்கு மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணாவா இருக்குது? அங்க போயித் தலையத் தூக்கித்தான கும்படற?"

எங்கள் ஊர் மலைக்கோயிலில் சாமி பாதி ஆண், பாதி பெண். பிறந்ததிலிருந்து பார்த்துக் கும்பிடுகிற சாமி. எனக்கு அது தோன்றியதே இல்லை. தலையை நிமிர்த்தி அளவு எடுத்தேன்.

தைத்து முடித்ததும் சொல்லி அனுப்பினேன். வந்து திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்தார். நேரம் ஆனது. சத்தமே இல்லை. நான் மிஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தேன். டீ மாஸ்டரும் எதிரில் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

திரையை விலக்கி வெளியே வந்தார்.

"சரியா இருக்குது" என்றார்.

போன தடவை அவர் சொன்ன 'சரியா இருக்குது' எங்கே கொண்டுபோய் விட்டது என்று எனக்குத் தெரியும். எழுந்து நின்றேன்.

"நல்லாப் பாருங்கம்மா. எங்கியாச்சும் இழுக்குதுங்களா? சுருங்குதுங்களா?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நானும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே பார்க்க அன்றைக்குத் தோன்றவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது.

"கேக்கறயில்ல? மூணாவது கொக்கி நேராவே இல்ல. இதா வேல?"

மறுபடியும் திரைக்குப் பின்னால் போய், கழற்றிக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார். எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது கொக்கி நேராகத்தான் இருந்தது. அதைப் பிரித்து எடுத்து, அதே இடத்தில் திரும்பத் தைத்துக் கொடுத்தேன்.